கட்டுவோரும் கண்காணிப்போரும்

சேர்வராயன் மலைத்தொடரின் கீழைச் சாரலில், வாணியாற்று நீரை நம்பி மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் வெற்றிலையும் பயிர்செய்து வாழும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து மக்களுக்கு, தேசத்தின் போக்குவரத்துப் பரிபாலனம் என்பது தில்லியில் எங்கோ நடைபெறும் தூரத்து விவகாரமாகத் தோன்றுமாயின் அதில் வியப்பேதுமில்லை. ஆயினும் பொம்மிடி நிலையத்தில் எந்த வண்டி நிற்கும், எது நில்லாது ஓடும் என்பதும், மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கும் சேலம் சாலையின் வளைவு எவ்வளவு என்பதும், சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கென்று 2018-ஆம் ஆண்டில் நடப்பட்ட கல் யாருடைய தென்னந்தோப்பில் விழுந்தது என்பதும் அந்தத் தூரத்து விவகாரத்தின் முடிவுகளே. கடலையே காணாத இவ்வட்டத்துக்குக் கடற்கரை விவகாரமும் அந்நியமன்று. மரவள்ளிக்கும் கரும்புக்கும் இடுகின்ற பொட்டாஷ் உரமும், உழவு யந்திரத்துக்கு ஊற்றுகின்ற டீசலின் மூலமான கச்சா எண்ணெயும் பெரும்பாலும் கப்பலேறித்தான் இந்நாட்டுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே ரயிலையும் சாலையையும் கரையையும் இராஜாங்கம் எவ்விதம் மேற்பார்க்கிறது என்னும் கேள்வியை எழுப்புவதற்கு, தலைநகரத்து நிபுணர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தைக்கு மூட்டை கொண்டுவரும் குடியானவருக்கும் உண்டு.

இக்கேள்விக்கு அரசினர் இதுகாறும் அளித்து வந்துள்ள விடை, பெரும்பாலும் அமைச்சகங்களைக் கூட்டுவதும் பிரிப்பதும் அவற்றுக்குப் பெயர் மாற்றுவதுமாகவே இருந்து வந்திருக்கிறது. 1952-இல் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வேக்கும் போக்குவரத்துக்கும் ஒருங்கே அமைச்சராக இருந்தார். பின்னர்ப் பிரிந்த இத்துறைகளை 1985-இல் மீண்டும் ஒரே போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்க் கொணர்ந்தார்கள். மறு ஆண்டே அவை பிரிந்து போயின. சாலையும் கப்பலும் 2000-இல் தனித்தனியாகி, 2004-இல் ஒன்றுகூடி, 2009-இல் திரும்பவும் தனித்து நின்றன. 2020-இல் கப்பல் அமைச்சகம் துறைமுகங்கள், கப்பல், நீர்வழிகள் அமைச்சகம் என்று பெயர் பூண்டது. ஒரே அமைச்சர் அனைத்தையும் ஆள வேண்டுமா, மூவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமா என்பது நிர்வாக சௌகரியத்தைப் பற்றிய பிரச்னை. அதனினும் மூலாதாரமான பிரச்னை வேறொன்று உண்டு. பாதையைக் கட்டுகிறவரும், அதில் வண்டியை ஓட்டுகிறவரும், அதனால் வரும் வருமானத்தைப் பெறுகிறவரும் தம்முடைய காரியத்தின் குணதோஷங்களைத் தாமே தீர்ப்பிட்டுக்கொள்ளலாமா என்பதே அது. கூடாது என்பதே நம் துணிபு. அத்துணிபுக்கு ஆதாரமான சரித்திரம் தர்மபுரி மண்ணிலேயே இருக்கிறது.

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதையொன்று திறக்கப்பட்டது 1906-ஆம் ஆண்டில். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், இங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள தூத்துக்குடியில், வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட முற்பட்ட அந்தச் சுதேசி ஸ்தாபனத்தை, ஏற்கெனவே அக்கடல்வழியைத் தன்வசம் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி நசுக்க முயன்றது வியாபாரப் போட்டி என்று கொள்ளத்தக்கதே. ஆனால் துறைமுகத்தையும் ஜில்லாவையும் நடுநிலையோடு மேற்பார்க்க வேண்டிய அதிகாரிகள் வெளிப்படையாகவே ஆங்கிலக் கம்பெனியின் பக்கம் சாய்ந்து நின்றதுதான் அவ்வரலாற்றின் கசப்பான பகுதி. கண்காணிக்கும் பொறுப்புடையவர் போட்டியிடுகிறவர்களுள் ஒருவருக்குத் துணையாகி நிற்பாராயின், சட்டப் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பிரஜைக்கு நியாயம் கிட்டாது என்பதைத் தமிழர் முதன்முதலாகக் கடற்கரையில்தான் கற்றனர்.

அப்போராட்டத்தில் சிதம்பரம் பிள்ளையோடு தோளொடு தோள் நின்று, 1908 மார்ச் மாதத்தில் கைதாகிச் சிறைசென்ற சுப்பிரமணிய சிவா, தம் வாழ்வின் இறுதிக் காலத்தைக் கழித்து 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் உயிர்நீத்த இடம் இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளிவந்த அவ்வீரரை, அந்நோய் கண்டவர் ரயிலில் ஏறலாகாது என்று தடுத்தது அன்றைய இராஜாங்கம். அவரோ உடலெங்கும் புண்ணோடு கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று தேசத் தொண்டாற்றினார். கப்பல் விட முற்பட்டோரின் தோழருக்கு ரயிலில் இடமில்லை. அவருக்கு மிஞ்சியது சாலையின் புழுதியே. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துக் கோபாலபுரத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு டிராக்டரும், போக்குவரத்து நிர்வாகம் மக்களுக்கு உரியதாக இல்லாதிருந்த காலத்தின் அந்தக் கொடுமையை நமக்கு நினைவுறுத்த வேண்டும்.

எனினும் அந்நிய ஆட்சிக் காலத்தின் இறுதியில், கண்காணிப்பைப் பற்றி ஓர் உயர்ந்த கொள்கை இந்நாட்டில் வேரூன்றியது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1905-இல் ரயில்வே போர்டு நிறுவப்பட்டபின், ரயில்களின் பாதுகாப்பைப் பரிசோதிக்கும் ஆய்வாளர்கள் அப்போர்டின் கீழேயே பணியாற்றி வந்தனர். அதாவது, தம்மை நியமித்து உயர்வளிக்கும் மேலதிகாரிகளின் வேலையைத்தான் அவர்கள் குறைகூற வேண்டியிருந்தது. இந்நிலை தகாது என்னும் கருத்து 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1939-இல், பிரிட்டனின் தலைமை ரயில்வே ஆய்வதிகாரியை உட்கொண்ட குழுவொன்று அதனை வலியுறுத்தியது. 1940-இல் மத்திய சட்டசபை அக்கொள்கையை ஏற்றது. 1941 மே மாதத்தில் ஆய்வாளர் குழு ரயில்வே போர்டினின்றும் பிரிக்கப்பட்டுத் தபால், விமானத் துறையின் கீழ் வைக்கப்பட்டது. 1961-இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் பெற்ற அதுவே, இன்றும் ரயில்வே அமைச்சகத்தின் கீழன்றி விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கி வருகிறது. ரயிலைப் பரிசோதிப்பவர் விமான அமைச்சகத்தில் இருப்பது மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு விநோதமாகத் தோன்றும்; அதனுள் அடங்கிய நியாயத்தை உணர்ந்தவர்க்கோ, அரசாட்சிக் கலையின் அரிய விவேகங்களுள் ஒன்றாகவே அது காட்சியளிக்கும்.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை யாதெனின், பிரயாணிகள் செல்லும் புதிய இருப்புப்பாதை எதனையும், பாதுகாப்பு ஆணையர் நேரிற் சென்று தண்டவாளத்தையும் பாலத்தையும் சைகைக் கருவிகளையும் பரிசோதித்துத் தக்கதென்று அறிக்கை தரும்வரை திறக்கலாகாது என்னும் சட்டம் ரயில்வே போர்டுக்குக் கட்டுப்படாதவர் கையில் வந்தது. அமைச்சர் நாள் குறித்துவிட்டார், பந்தல் போட்டாயிற்று என்பதற்காக அவர் கையெழுத்திட வேண்டியதில்லை. பெருவிபத்து நேருமாயின் விசாரிப்பவரும் அவரே. ஊர்மக்களும் அவர்முன் சாட்சி சொல்லலாம்.

1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையால் கரைபுரண்ட மருதையாற்றுப் பாலத்தருகே அரியலூரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து ஏறத்தாழ 150 பேர் மாண்டபோது, லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியைத் துறந்தார். அந்த ஆற்றின் வெள்ளத்துக்கு அவர் நேர்ப்பொறுப்பாளர் அல்லர் என்பதைப் பிரதமர் நேருவும் அறிவார். எனினும் பொறுப்பு என்பதற்கு இலக்கணம் வகுக்க வேண்டும் என்னும் கருத்தோடு ராஜிநாமா ஏற்கப்பட்டது. அமைச்சரின் தார்மிகப் பொறுப்பும் ஆய்வாளரின் சுதந்திரமும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் போன்றவை. ஒன்று கழன்றால் மற்றொன்று நெடுந்தூரம் ஓடாது.

அத்தகைய ஏற்பாடுள்ள ரயில்வேயிலும் குறைகள் பல என்பதை மறைத்தல் தகாது. 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளில் நேர்ந்த 217 பெருவிபத்துகளுள் 163 தடம்புரண்டவை என்றும், தண்டவாளத்தைப் பரிசோதிக்கும் பிரத்தியேக வண்டிகளைக் கொண்டு நடத்த வேண்டிய ஆய்வுகளில் நூற்றுக்கு 30 முதல் முழு நூறு வரை குறை இருந்தது என்றும் மத்திய கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது. அவ்வறிக்கை வெளியாகி ஆறு திங்களுக்குள், 2023 ஜூன் 2-ஆம் நாள், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் அருகே கிளைத்தடத்தில் புகுந்து சரக்கு வண்டியில் மோதி, 290-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. சைகைச் சுற்றில் செய்யப்பட்ட பிழையான வேலையே காரணமென்று பாதுகாப்பு ஆணையர் கண்டார். அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டக் குழு 2012-லேயே, தற்போதைய ஆணையம் போதாது, சட்டத்தால் அதிகாரம் பெற்ற தனிப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் உருப்பெறவில்லை. ஆணையர்கள் ரயில்வே அதிகாரிகளிலிருந்தே எடுக்கப்படுகின்றனர். அவர்கள் கூறும் திருத்தங்களை அமைச்சகம் ஏற்றதா, ஏற்றபடி செய்ததா என்பதைப் பொதுஜனங்கள் எளிதில் அறிய வழியில்லை. குறையுடையதாயினும் இந்தக் காவலாவது ரயிலுக்கு இருக்கிறது என்பதையே நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஏனெனில், சாலைக்கு இதுவும் இல்லை.

மலைக்கு மறுபுறம் இதே மாவட்டத்தில் உள்ள தொப்பூர்க் கணவாயை அறியாத லாரி ஓட்டுநர் தென்னாட்டில் இரார். காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூரிலிருந்து சேலத்தை நோக்கி இறங்கும்போது, அவ்விடத்தில் நெடிய சரிவும் வளைவும் இரட்டைப் பாலமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாரமேற்றிய வண்டிகளின் பிரேக் சூடேறி வலுவிழந்து, முன்செல்லும் வண்டிகளை நசுக்கிக்கொண்டு பாய்வது பல ஆண்டுகளாக அங்கு நிகழ்ந்து வரும் துயரம். 2020 டிசம்பரில் ஒரு சிமென்ட் லாரி வரிசையாக நின்ற வாகனங்களில் மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மறுபடியும் நால்வர். இவ்விரண்டுக்கும் இடையிலும் இவற்றின் முன்பும் பத்திரிகையின் ஒரு மூலையில் நான்கு வரியாக வந்து மறைந்த சாவுகள் எத்தனையோ. விபத்து நேரும் ஒவ்வொரு தடவையும் ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று வழக்குப் பதிவாகிறது. டீசல் மிச்சம் பிடிக்க கியரைத் தளர்த்திவிட்டு இறங்குவோர் உண்டு. அவர்தம் குற்றத்தை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வரும், வெவ்வேறு அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அனைவரும் ஒரே சரிவில், ஒரே வளைவில் வந்து மோதுவார்களாயின், அந்தச் சரிவையும் வளைவையும் வரைந்த கையையும் விசாரிப்பதுதான் நியாயம். இப்போது அங்கே உயர்மட்டச் சாலைக்குத் திட்டம் வகுக்கப்பட்டிருப்பதே, குற்றம் ஓட்டுநரிடம் மட்டும் இல்லை என்பதற்கு அரசினரின் ஒப்புதலாகும். அந்த ஒப்புதல் வருவதற்கு எத்தனை குடும்பங்கள் தாலியிழக்க நேர்ந்தது!

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் தமிழ்நாட்டில் மாண்டோர் 17,884 பேர். ஒரே வருஷத்தில் பாரதம் சாலையில் இழந்த உயிர்கள், பாலசோர் போன்ற கோர விபத்துகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை நேர்ந்ததற்குச் சமம். பாலசோருக்கு ஆணையர் விசாரணை நடந்தது. தொப்பூருக்கு அத்தகைய அதிகாரமுள்ள ஆணையர் எவர்? தேசிய நெடுஞ்சாலை ஆணையமே சாலையைத் திட்டமிடுகிறது, ஒப்பந்தம் விடுகிறது, சுங்கம் வசூலிக்க அனுமதிக்கிறது. வேலையைச் சோதிக்கும் பொறியாளரையும் அதுவே நியமிக்கிறது. பணி முற்றிலும் நிறைவேறும் முன்னரே தற்காலிகச் சான்று பெற்றுச் சுங்கச்சாவடியைத் திறந்துவிட முடிகிறது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பிழையான வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் ஒப்பந்ததாரரையும் ஆலோசகரையும் அதிகாரியையும் பொறுப்பாக்கிய அளவில் நன்றே. ஆனால் அது விதித்த தண்டத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். நூற்றுக்கணக்கான கோடிகளில் புரளும் ஒப்பந்தத்துக்கு ஒரு லட்சம் தண்டம் என்பது தண்டமாகாது; கணக்கில் எழுதிக்கொள்ளும் சில்லறைச் செலவாகவே கருதப்படும். அதே சட்டத்தின்படி 2021-இல் அறிவிக்கப்பட்ட தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியமோ, யோசனை கூறலாமேயன்றி ஒரு சாலையையேனும் திறக்காதே என்று தடுக்கும் வல்லமை உடையதாக இல்லை.

ரயிலும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் இந்தப் பொறுப்பின்மை இருமடங்காகிறது. 2025 ஜூலை 8-ஆம் நாள் கடலூர் அருகே செம்மங்குப்பம் லெவல் கிராஸிங்கில் பள்ளி வாகனத்தின்மீது ரயில் மோதி மூன்று குழந்தைகள் மாண்டனர். கதவு மூடினாலன்றிச் சைகை விழாத இணைப்பு அந்தக் கதவுக்கு அமைக்கப்படவில்லை. சுரங்கப்பாதை அமைக்க நிதி ஒதுக்கியும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று ரயில்வே கூறிற்று. யார்மீது எவ்வளவு பிழை என்பதை விசாரணைகள் தீர்மானிக்கட்டும். இரண்டு அலுவலகங்களுக்கிடையே ஒரு கோப்பு தங்கிக் கிடக்கையில், இருவரையும் அழைத்து, இத்தனை நாட்களுக்குள் முடித்தாக வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் உள்ள மூன்றாமவர் இந்நாட்டில் இல்லையே என்பதுதான் நம்முடைய வேதனை.

பாதுகாப்பைப் பற்றிய கண்காணிப்பு இவ்வாறிருக்க, நிலத்தைப் பற்றிய கண்காணிப்பைப் பாப்பிரெட்டிப்பட்டி மக்கள் தம் சொந்த அனுபவத்தாலேயே கற்றனர். 277 கிலோமீட்டர் நீளமுள்ள, 10,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை, ஐந்து மாவட்டங்களைக் கடந்து, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டங்களின் வயல்களையும் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. போலீசார் சூழ நின்று நிலம் அளக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், நிலம் இழப்போர் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்கள் தருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டி, மரம் வைத்து, மண்ணைப் பொன்னாக்கிய ஒரு குடும்பம், சர்வே எண்களால் நிரம்பிய அறிவிப்பைப் படித்தறிந்து, வக்கீலைத் தேடி, மனு எழுதிச் சமர்ப்பிக்க 21 நாட்கள்! அந்த ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு கூறுபவரும், நிலத்தை எடுத்துத்தருவதற்காகவே நியமிக்கப்பட்ட அதிகாரிதான்.

2019 ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நில எடுப்பு நடவடிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஆரம்ப அறிவிப்புக்கு முன்னரே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று கூறி அறிவிப்பைச் செல்லுபடியாக்கியது. ஆனால் நிலம் முறைப்படி எடுக்கப்படும் முன்னரே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையை மாற்றி எழுதியது தவறு என்ற உயர்நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்தது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இருவேறு அபிப்பிராயம் உடையோரும் இதில் ஒருமனப்பட வேண்டும்: பட்டாவில் பெயர் மாற்றும் அளவுக்கு விரைந்த கைகளைத் தடுத்து நிறுத்த, ஏழை விவசாயி உச்சநீதிமன்றம் வரையில் செல்ல வேண்டியிருந்தது என்றால், இடையே இருந்த எல்லாக் கண்காணிப்பும் உறங்கிக் கிடந்தது என்பதே பொருள்.

கரையின் கதையும் வேறன்று. 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியுமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய சேதம் இல்லை என்றே முதலில் கூறப்பட்டது. பின்னர்க் கரையெங்கும் கருங்குழம்பு ஒதுங்கி, மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகொண்டு அதனை அள்ளிக் கொட்டிய காட்சியை உலகமே கண்டது. எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளத் தேசியத் திட்டமொன்று 1996 முதலே ஏட்டில் இருக்கிறது. துறைமுகம் கப்பல் அமைச்சகத்துக்கு உட்பட்டது. கப்பல்களைப் பதிவு செய்து, ஊக்குவித்து, விபத்தையும் விசாரிக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககமும் அதே அமைச்சகத்துக்கு உட்பட்டதே. 1941-இல் ரயிலுக்கு உணரப்பட்ட உண்மை கப்பலுக்கு இன்னமும் உணரப்படவில்லை. கரையோரக் கட்டுமானங்களை 1991 முதல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வேறாகக் கட்டுப்படுத்தி வருவது நல்ல ஏற்பாடே. ஆயினும் கரையில் ஒரு கண்ணும் கடலில் மற்றொரு கண்ணுமாகப் பிரிந்து நோக்கும் நிலையில், இடைப்பட்ட மீனவரின் வலை எவர் பார்வைக்கும் படுவதில்லை.

பாதுகாப்பும் நியாயமும் போலவே, வாக்குறுதியும் கண்காணிக்கப்பட வேண்டிய பொருளாகும். முன்னே குறித்த மொரப்பூர்–தர்மபுரிக் குறும்பாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓட்டம் நின்றது. மாவட்டத் தலைநகரம் அதுமுதல் சென்னைப் பெருந்தடத்தோடு நேரான ரயில் தொடர்பின்றி இருந்து வருகிறது. சென்னைக்கு ரயிலேற வேண்டியவர் முதலில் மொரப்பூருக்கோ பொம்மிடிக்கோ பஸ் ஏறியாக வேண்டும். 36 கிலோமீட்டர் நீளமுள்ள அகலப்பாதை 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்று, 2019-இல் அடிக்கல்லும் நாட்டப்பெற்றது. ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924 முதல் தனியே சமர்ப்பிக்கப்பட்டு வந்த ரயில்வே பட்ஜெட்டில், இப்பாதைக்கு இடமளித்த அந்த ஆண்டினதே கடைசி பட்ஜெட்டாக அமைந்தது. 2017 முதல் அது பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டது. கணக்கியல் முறையில் அதற்குச் சமாதானம் உண்டு என்று நிபுணர் கூறுவர். ஆனால் ஆண்டுதோறும் சில நாட்களாவது, எந்தத் தாலூக்காவின் எந்த நிலையத்துக்கு என்ன செய்தீர் என்று அங்கத்தினர்கள் எழுந்து கேட்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த அவகாசம் சுருங்கிப் போயிற்று என்பதும் உண்மையே. கேட்பார் குறைந்தால் வேகமும் குறையும். இந்தப் பாதைக்கு 1906-இன் மனிதர்கள் யந்திர பலமின்றிக் காட்டிய சுறுசுறுப்பை நம்முடைய யுகம் காட்டவில்லை.

இவ்வளவு கண்காணிப்பும் ஏற்பட்டால் காரியங்கள் தாமதப்படாவா, செலவு பெருகாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. வறுமை மிகுந்த மாவட்டத்துக்குச் சாலையும் ரயிலும் விரைவில் வேண்டும் என்பதை, இம்மாவட்டத்து மக்களைக்காட்டிலும் அதிகமாக உணர்ந்தவர் எவருமிலர். ஆனால் எட்டுவழிச் சாலை நீதிமன்றங்களில் தங்கிய ஆண்டுகளுக்குக் காரணம், முன்கூட்டியே நேர்மையாக ஆராயாததும் மக்களிடம் மனம் விட்டுப் பேசாததுமே. தொப்பூருக்கு இன்று ஒதுக்கப்படும் பெரும்பொருளில் ஒரு சிறு பகுதியைத் தொடக்கத்திலேயே சரிவைச் சீராக்கச் செலவிட்டிருந்தால், பணமும் மிஞ்சியிருக்கும், மனிதரும் மிஞ்சியிருப்பர். மொரப்பூர்ப் பாதை தாமதப்படுவதற்குக் கண்காணிப்பு மிகுந்தது காரணமன்று. அது இல்லாமையே காரணம்.

ஆகவே பாராளுமன்றம் செய்ய வேண்டுவன சில உள. முதலாவதாக, ககோட்கர் குழு கூறியவண்ணம் ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தைச் சட்டபூர்வமான சுதந்திர ஸ்தாபனமாக்கி, அதன் விசாரணை அறிக்கைகளையும், அவற்றின்மீது அமைச்சகம் எடுத்த நடவடிக்கையையும் சபையின் முன் வைப்பதோடு, விபத்து நேர்ந்த மாநிலத்தின் மொழியிலும் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, நெடுஞ்சாலை அமைச்சகத்துக்கு உட்படாத சாலைப் பாதுகாப்பு ஆணையர் ஒருவரை நியமித்து, அவர் பரிசோதித்துத் தக்கதென்று சொல்லும்வரை எந்த நெடுஞ்சாலையிலும் சுங்கம் வசூலிக்கலாகாது என்றும், ஒரே இடத்தில் சாவுகள் தொடருமாயின் வடிவமைத்தவரையும் கட்டியவரையும் விசாரித்துத் திட்ட மதிப்புக்கேற்ற தண்டம் விதிக்கலாம் என்றும் அதிகாரம் அளிக்க வேண்டும். மூன்றாவதாக, கப்பல் விபத்துகளின் விசாரணையைக் கப்பல் அமைச்சகத்தினின்றும் பிரித்து, கரையோர மீனவரும் சாட்சியம் கூறும் பகிரங்க விசாரணையாக்க வேண்டும். நான்காவதாக, நில எடுப்புக்கான 21 நாள் தவணையை நீட்டி, அறிவிப்பை எளிய தமிழில் கிராமசபையில் வாசித்து, ஆட்சேபங்களை நில எடுப்பில் சம்பந்தப்படாத ஒருவர் கேட்கச் செய்ய வேண்டும். கடைசியாக, ஒரு வட்டத்துக்குள் நடைபெறும் ஒவ்வொரு மத்தியப் போக்குவரத்துத் திட்டத்துக்கும் ஒதுக்கிய பணம், செலவிட்ட பணம், முடியும் நாள், தாமதத்தின் காரணம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கொருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தின் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, செலவும் அதிகமில்லை. மனம் ஒன்றே போதும்.

இவற்றுள் எதுவும் புதுமையான கோட்பாடன்று. கட்டுகிறவர் ஒருவர், கண்காணிக்கிறவர் வேறொருவர் என்ற நியாயத்தை இந்நாட்டின் சட்டசபை 1940-லேயே ஏற்றிருக்கிறது. ரயிலுக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தைச் சாலைக்கும் கரைக்கும் நீட்டுங்கள் என்பதே நம் கோரிக்கை. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டங்களின் வாக்காளர்கள், தம்மிடம் வந்து வாக்குக் கேட்கும் ஒவ்வொருவரிடமும், எத்தனை சாலை கொண்டுவருவீர் என்று கேட்பதோடு நில்லாமல், அந்தச் சாலையை யார் பரிசோதிப்பார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், அவருடைய அறிக்கையை நாங்கள் எங்கே படிக்கலாம் என்றும் கேட்பார்களாக. அக்கேள்விகளுக்கு நேரான பதில் கூறாதவர் எக்கட்சியினராயினும், அவர் தரும் போக்குவரத்து வாக்குறுதிகளை நம்பத் தேவையில்லை.